வாசகர் கேள்வி: உரையை மூடிவைத்துப் படிக்க முடியுமா?

கே: 'குறுந்தொகையில் பத்துப் பாடல்களை நீங்களே படித்து வந்து பேசுங்கள்' என்கிறார் பேராசிரியர். உரையைப் படித்துவிட்டுத்தான் போகிறோம். ஆனாலும் குறுக்குக் கேள்வி வந்தால் திணறுகிறோம். என்ன செய்யலாம்?
- கல்லூரி மாணவி, கடலூர்

ப: உரையை முதலில் திறப்பதுதான் சிக்கலே. பாடலுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று முறை வாய்விட்டுப் படித்து, பென்சிலால் சொற்களைப் பிரித்தெழுதுங்கள். பிறகு வினைமுற்றைத் தேடுங்கள். பெரும்பாலும் கடைசியில்தான் ஒளிந்திருக்கும்.

'யாயும் ஞாயும்' என்று தொடங்கும் 40ஆம் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'யாய்' என் தாய், 'ஞாய்' உன் தாய். இதைத் தவறவிட்டால் பேச்சு யாரோடு என்பதே பிடிபடாது. 'எவ்வழி'யைப் பாதை என்று எழுதிவிடுவார்கள். 'எப்படி' என்பதே பொருள். 'நெஞ்சம்' ஒருமைபோலத் தெரியும், ஆனால் 'கலந்தன' பன்மை. ஆக, இரண்டு நெஞ்சம்! செம்புலப் பெயல்நீர், அதாவது செம்மண்ணில் பெய்த மழைநீர், எப்படியிருக்கும் என்றால், மழை விட்டதும் உங்கள் ஊர்க் கேப்பர் மலைச் சரிவைப் போய்ப் பாருங்கள்.

தெரியாத சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் கிடைக்கிறது. அதற்குப் பிறகே உ.வே.சா. உரை (1937). உங்கள் குறிப்போடு அது முரண்படும் இடத்தில் கோடிடுங்கள். வகுப்பில் பேச அதுதான் சரக்கு.

பாடல்களை ஆளுக்கு இரண்டாகப் பங்கு போடாதீர்கள். அடுத்தவர் பாடலை யாரும் தொடமாட்டார்கள். இருவராக ஒரே பாடலைத் தனித்தனியே படித்து, பிறகு ஒப்பிடுங்கள்.