வலிக்குக் காத்திருக்கும் நாட்கள்: ஒரு வாசகியின் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் மட்டக்களப்பு. கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து இரண்டு வருஷம். இது முதல் பிள்ளை. நேற்றுக் கிளினிக் கொப்பியில் 39+5 (39 வாரமும் 5 நாளும்) என்று எழுதினார்கள். மூன்று இரவாகப் பத்து மணிக்குப் பிறகு வயிறு இறுகி இறுகி வலிக்கிறது, விடிய நின்றுவிடுகிறது. ஒருநாள் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே போய்விட்டோம். இன்னும் நேரம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ஊரிலிருந்து நாளுக்கு ஏழெட்டு கோல், "இன்னும் இல்லையா?" என்று. ஆமணக்கெண்ணெய் குடித்தால் வலி கெதியாக வரும் என்கிறார் மாமி. டொக்டரோ 41 வாரம் வரை பார்ப்போம், வராவிட்டால் வோட்டில் மறித்து வலி வரப் பண்ணுவோம் என்கிறார். அதை நினைக்கவே பயமாக இருக்கிறது. எனக்குச் சிங்களமும் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

இன்னொன்று. நேற்றுப் பின்னேரத்திலிருந்து பிள்ளையின் அசைவு கொஞ்சம் குறைந்த மாதிரி. தலை இறங்கினால் பிள்ளைக்கு இடமில்லை, அசையாது என்று பக்கத்து வீட்டு அன்ரி சொன்னார். சரியா அக்கா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

கடிதத்தின் கடைசி வரிகளைக் கண்டதும் "இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று ஒரு வரி அனுப்பினேன். போய் சீ.டீ.ஜி. (பிள்ளையின் இதயத் துடிப்பைப் பதியும் சோதனை) எடுத்தோம், எல்லாம் நல்லபடி என்று நீங்கள் எழுதிய பிறகுதான் மற்றவற்றுக்குப் பதில் எழுத மனம் வந்தது. ஆனாலும் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்ரி சொன்னது பிழை. அன்பாகத்தான் சொல்லியிருப்பார், ஆனால் ஆபத்தான பிழை. கடைசி வாரங்களில் அசைவின் விதம் மாறும். உதைப்பது குறைந்து உருளுவது, தள்ளுவது, நெளிவது கூடும். எண்ணிக்கை குறையக் கூடாது. வலி தொடங்கும் நாள் வரைக்கும், வலியின் போதும்கூட, பிள்ளை அசையும். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு தடவை தூங்குவது 20 முதல் 40 நிமிடம். ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டுவது அரிது. அரை நாளாகப் பிள்ளை தூங்குகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை பத்து அசைவு எண்ணச் சொல்வது பழைய முறை. எண்ணுங்கள், ஆனால் பத்து வந்துவிட்டது என்று மட்டும் ஆறுதல் அடையாதீர்கள். தினமும் பதினொரு மணிக்குள் பத்தை முடிக்கும் பிள்ளை இன்று மாலை ஆறு வரை எடுத்தால், கணக்குச் சரியாக இருந்தாலும் அது மாற்றம்தான். உங்கள் பிள்ளையின் வழக்கம்தான் அளவுகோல். சந்தேகம் வந்தால் மற்ற வேலையை விட்டு இடது பக்கம் சரிந்து படுத்து, வயிற்றில் கை வைத்து இரண்டு மணித்தியாலம் கவனியுங்கள். பத்து அசைவு வராவிட்டால் உடனே புறப்படுங்கள். அசைவே இல்லை என்றால் அந்த இரண்டு மணித்தியாலமும் வேண்டாம். ஐஸ் தண்ணீர் குடித்துப் பார்ப்போம், விடியட்டும், கிளினிக் நாள் வரட்டும் என்று தள்ளிப்போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. வீட்டில் டொப்ளர் கருவி வைத்து இதயத் துடிப்புக் கேட்பதும் ஆறுதலுக்கு உதவாது. களைத்துப்போன பிள்ளைக்கும் துடிப்புக் கேட்கும். ஒருமுறை போய் நல்லபடி என்று வந்த பிறகு மறுபடியும் குறைந்தால் மறுபடியும் போங்கள். வெட்கப்பட வேண்டாம், ஒருவருக்கும் உங்களைக் குறை நினைக்க உரிமையில்லை.

இனி அந்தத் திகதி. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அவ்வளவுதான் அந்தக் கணக்கு. 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கே அது பொருந்தும். 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு உண்மையான திகதி ஒரு வாரம் பிந்தும். அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கானின் திகதியை டொக்டர்மார் கூடுதலாக நம்புகிறார்கள். குறித்த நாளிலேயே பிறப்பது நூறில் நாலைந்து பிள்ளைகள்தான். ஊருக்குத் திகதி சொல்லாமல் "இந்த மாதக் கடைசி, அடுத்த மாத முற்பகுதி" என்று சொல்லியிருந்தால் பாதி கோல் குறைந்திருக்கும். இனிமேல் அந்தத் தொலைபேசியைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மூன்று இரவாக வந்தது உங்கள் உடம்பு செய்யும் ஆயத்தம். அதை வீண்வலி என்று ஒதுக்க எனக்கு விருப்பமில்லை. கருப்பையின் கழுத்து மிருதுவாவதும் மெலிவதும் இப்படித்தான் தொடங்கும். கொழும்பின் புழுக்கத்தில் தண்ணீர் போதாமல் போனாலும், சிறுநீர்ப்பை நிரம்பினாலும் வயிறு இறுகும். அடுத்த முறை சிறுநீர் கழித்துவிட்டு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்து, வெந்நீரில் குளித்து, சரிந்து படுங்கள். ஒரு மணித்தியாலத்தில் தணிந்தால் நித்திரை கொள்ளுங்கள். அந்த நித்திரை பிறகு உதவும். மல்லாந்து படுக்க வேண்டாம். இடையில் விழித்து மல்லாந்து கிடப்பதைக் கண்டால் பயப்படாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

உண்மையான வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? இடம் மாறினாலும் நடந்தாலும் அது போகாது. வர வர நீளும், பலக்கும், நெருங்கும். பலருக்கு இடுப்பின் பின்புறம் தொடங்கி முன்னுக்கு வரும். கையால் தொட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போது வயிறு மூக்கு நுனி போல அமுங்கினால் லேசு, நாடி (முகவாய்) போல இருந்தால் நடுத்தரம், நெற்றி போலக் கல்லாக இருந்தால் பலமானது. நேரம் எடுக்கும்போது அநேகர் விடும் பிழை, ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுவது. ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை எண்ண வேண்டும். முதல் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணித்தியாலம் நீடித்தால் புறப்படுவது பொதுவான கணக்கு. காலி வீதியின் வாகன நெரிசலை மனதில் வைத்து இதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். காலையில் பாடசாலை நேரமும் பின்னேரம் ஒஃபிஸ் விடும் நேரமும் வலி நெருங்கினால் ஏழு, எட்டு நிமிட இடைவெளியிலேயே கிளம்பலாம். நள்ளிரவில் அந்த அவசரம் இல்லை. பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போவதானால் எந்தக் குறுக்கு வீதி, எந்த நேரம் என்று கணவர் ஒருநாள் ஓடிப் பார்த்து வைப்பது நல்லது.

சளி போலக் கொஞ்சம் இரத்தக் கறையோடு வருவது கழுத்தின் அடைப்பு. அது வந்தும் சில நாள் வலி வராமல் இருக்கலாம், வீட்டிலேயே இருங்கள். மாதவிடாய் போலச் சிவப்பாக இரத்தம் போனால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும்.

தண்ணிக்குடம் உடைவது படத்தில் வருவது போலக் குபீரென்று இருக்க வேண்டியதில்லை. பலருக்குச் சிறுநீர் கசிவது போலத்தான் தொடங்கும். சுத்தமான வெள்ளைத் துணியோ பாடோ வைத்து அரை மணித்தியாலம் படுத்து எழும்புங்கள். எழும்பும்போது மறுபடி வழிந்து, மூத்திர வாடை இல்லாவிட்டால் குடம்தான். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறத்தைப் பாருங்கள். தெளிவாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றே, பதற்றமில்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பச்சை அல்லது மண்ணிறம் என்றால் பிள்ளை உள்ளுக்குள் மலம் கழித்திருக்கிறது, உடனே போங்கள். குடம் உடைந்த பிறகு உள்ளே எதுவும் வைக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. கிருமி போகும்.

உங்கள் கொப்பியில் தலைக்குப் பக்கத்தில் 5/5, 3/5, 2/5 என்று எழுதியிருப்பார்கள். அது இடுப்பெலும்புக்கு மேலே தலையின் எத்தனை பங்கு கைக்குத் தெரிகிறது என்ற கணக்கு. இரண்டு அல்லது குறைவு என்றால் தலை இறங்கிவிட்டது. 5/5 ஆக இருக்கும்போதோ பிள்ளை குறுக்காக இருக்கும்போதோ குடம் உடைந்தால் தொப்புள்கொடி முன்னுக்கு வழுக்கி வரலாம். அப்படியானவர்கள் நடக்காமல், ஓட்டோவில் ஏறாமல், படுத்தபடி 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். கொடி கையில் தட்டுப்பட்டால் முழங்காலிலும் மார்பிலும் ஊன்றி, பின்பக்கம் உயர்த்தியபடி இருங்கள். சுவசெரிய இலவசம். அவர்கள் கிட்டவுள்ள அரச ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள் என்பதையும் தெரிந்து வையுங்கள்.

வலியே இல்லாமல் போக வேண்டிய வேறு காரணங்களும் உண்டு. விடாத தலையிடி, கண் மங்குவது, கண்ணுக்குள் பொறி பறப்பது, நெஞ்சுக்குக் கீழே வலப்பக்க வலி, முகம் திடீரென்று வீங்குவது ஆகியவை பிரஷர் கூடியதன் அடையாளம். உள்ளங்கை உள்ளங்காலில் இரவில் கூடும் கடி (அரிப்பு), தடிப்பில்லாத கடி, ஈரலுக்குச் சம்பந்தமானதாக இருக்கலாம், இரத்தம் பார்க்க வேண்டும். கொழும்பில் காய்ச்சல் என்றால் எனக்கு முதலில் டெங்குதான் ஞாபகம் வரும். கர்ப்பிணிக்கு மூன்றாம் நாள் வரை பார்ப்போம் என்ற பேச்சே இல்லை, முதல் நாளே ஆஸ்பத்திரி. பரசிட்டமோலைத் தவிர வேறு வலி மாத்திரை தொடக் கூடாது. ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் டெங்குவில் இரத்தப்போக்கைக் கூட்டும், பிள்ளையின் இதயத்துக்கும் கேடு.

ஆமணக்கெண்ணெய் வேண்டாம். அது குடலைக் கலக்கிவிடும். வயிற்றோட்டமும் வாந்தியுமாகத் தண்ணீர் வற்றிய உடம்போடு பிள்ளைப்பேற்றுக்குப் போவது கொடுமை. மாமியின் மனம் நோகாமல், பேறுக்குப் பிறகு வைக்கிற சரக்குத்தூளை இப்போதே வறுத்து இடித்து வைக்கச் சொல்லுங்கள். அதை அவரைப் போல யாரும் செய்ய ஏலாது. அன்னாசிப்பழத்தால் வலி வராது. கடைசி நாலு வாரம் தினமும் ஆறு பேரீச்சம்பழம் சாப்பிட்டவர்களுக்குக் கழுத்து நன்றாகத் திறந்திருந்ததாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. சீனி வருத்தம் இல்லாவிட்டால் சாப்பிடுங்கள். நடப்பது நல்லது, களைக்கும் வரை வேண்டாம்.

வோட்டில் மறிப்பதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். காரணம் தெரிந்தால் பயம் குறையும் என்று நினைக்கிறேன். 41 வாரத்துக்குப் பிறகு நச்சுக்கொடி தளரத் தொடங்கலாம், குடத்துத் தண்ணீர் வற்றலாம், பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறக்கும் ஆபத்துச் சிறியதாக இருந்தாலும் ஏறும். தெற்காசியப் பெண்களில் அந்த ஏற்றம் சற்று முன்னதாகவே தொடங்குகிறது. 41 வாரம் நிறைந்ததும் வலி வரப் பண்ணலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். சீனியோ பிரஷரோ இருப்பவர்களுக்கு இன்னும் முன்னதாகவே திகதி கொடுப்பார்கள், அவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கக் கூடாது. வலி வரப் பண்ணினால் சிசேரியன்தான் என்ற பேச்சும் சரியில்லை. 41 வாரத்தில் இப்படிச் செய்தவர்களுக்குச் சிசேரியன் கூடவில்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

முதலில் உள்பரிசோதனை. கழுத்து எவ்வளவு திறந்திருக்கிறது, மெலிந்திருக்கிறது, மிருதுவாக இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்துக்கும் புள்ளி போடுவார்கள். எட்டுக்கு மேல் என்றால் கழுத்துத் தயார். கொஞ்சம் திறந்திருந்தால் விரலால் பனிக்குடச் சவ்வைச் சுற்றிப் பிரித்து விடலாம். அதன் பிறகு ஒரு நாள் கறை படுவதும் ஒழுங்கில்லாத வலியும் வழமை. இறுகியிருந்தால் ஃபோலி (Foley) எனும் மெல்லிய இறப்பர்க் குழாயை உள்ளே விட்டு, நுனியிலுள்ள பலூனில் 30 முதல் 60 மில்லிலீட்டர் தண்ணீர் ஏற்றுவார்கள், அல்லது கழுத்தை மிருதுவாக்கும் ஜெல், மாத்திரை வைப்பார்கள். பலூன் தானாக விழுந்தால் கழுத்து மூன்று நாலு சென்றிமீற்றர் திறந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு குடத்தை உடைத்து, தேவைப்பட்டால் வலியைத் தூண்டும் ஒக்சிடோசின் மருந்தைச் சேலைனில் ஏற்றுவார்கள். அந்த வலி பலமாக இருக்கும், வலி குறைக்க என்ன இருக்கிறது என்று முதலே கேட்டு வையுங்கள். முதல் பிள்ளைக்கு மறித்ததிலிருந்து பிறக்கும் வரை இரண்டு நாள் எடுக்கலாம். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று வீட்டார் வாசலில் நின்று கலங்க வேண்டாம்.

பையில் முதலில் கிளினிக் கொப்பி, இரத்த வகை ரிப்போட், ஸ்கான்கள், அடையாள அட்டை. பிறகு முன்பக்கம் திறக்கும் சட்டை, பெரிய பாட், பிள்ளைக்குத் துவைத்த மெல்லிய துணி, தொப்பி. நகை கழற்றி வீட்டில், நகப்பூச்சு அழித்து. கூட ஒருவர் நிற்க விடுவார்களா, அது பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

சிங்களத்துக்கு நாலைந்து வசனம் போதும். எழுதிக் கொப்பி அட்டைக்குள் ஒட்டுங்கள். பிள்ளை அசையவில்லை: "பபா ஹெல்லென்னே நே". இரத்தம் போகிறது: "லே யனவா". தண்ணீர் போகிறது: "வத்துர யனவா". தலை வலிக்கிறது: "ஒளுவ ரிதெனவா". ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு வலிக்கிறது: "வினாடி பஹென் பஹட்ட பட ரிதெனவா". இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிங்களத்தில் வினாடி என்றால் நிமிடம். நம்முடைய வினாடிக்கு அவர்கள் சொல்வது தத்பர. வலி அறுபது வினாடி நிற்கிறது என்று தமிழ் நினைப்பில் சொன்னால் தாதிக்கு அது ஒரு மணித்தியாலமாகக் கேட்கும். விரலால் மணிக்கூட்டைக் காட்டிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா