துருக்கி வட்டார வழக்குல பிஎச்டி பண்ணா சோறு போடுமா?

சார், உங்க மெசேஜ் பாத்தேன். பொண்ணு மொழியியல் எம்.ஏ முடிக்கப் போறா, அடுத்து துருக்கி போய் கிராமத்துப் பேச்சுல வர்ற வினை விகுதிய ஆராயணும்ங்கறா, உங்களுக்கு வயித்தக் கலக்குது.

அவ கேக்கறது ஒண்ணும் கிறுக்குத்தனம் இல்ல சார். பொதுத் துருக்கியில, அதாவது புக்லயும் ஸ்கூல்லயும் வர்ற துருக்கி மொழியில, 'வந்துட்டிருக்கான்'னா 'கெலியோர்', அந்த 'யோர்' ஒரு காலத்துல கால்ல நடக்கறதச் சொல்ற தனி வினைச்சொல், தேஞ்சு விகுதி ஆயிடுச்சு. நாட்டோட தென்மேற்குல முலா, தெனிஸ்லி மாகாணங்கள் பக்கம் 'கெலிப் துரு'ம்பாங்க, அதுல ஒட்டியிருக்கறது நிக்கறதுக்கான வினை. அப்புறம் 'நீ வந்த'ங்கறதுக்கு புக்ல 'கெல்தின்', ஆனா அனத்தோலியா, அதாவது துருக்கியோட ஆசியப் பக்கம், அங்க கிராமங்கள் பலதுல இன்னமும் 'கெல்திங்', பழைய ஒலி அப்படியே நிக்குது, 1928ல லத்தீன் எழுத்துக்கு மாறினப்ப அதுக்குன்னு ஒரு எழுத்தே வைக்கல. நம்ம ங் தெரிஞ்ச காதுக்கு இது சட்டுனு பிடிபடும், இஸ்தான்புல்காரங்களுக்கே அவ்ளோ லேசு இல்ல.

இப்ப வேலை. இந்த விகுதி தெரியும்னு எந்தக் கம்பெனியும் சம்பளம் தராது, அத ஒளிச்சு பேச மாட்டேன். காசு வர்றது பொதுத் துருக்கிய சரளமா பேசி எழுதறதுல, மொழிபெயர்ப்பு, லோக்கலைசேஷன் (ஆப், வெப்சைட்ட அந்த ஊர் மொழிக்கு மாத்தறது), அப்புறம் குரல் தொழில்நுட்பத்துக்கு பேச்சுப் பதிவ எழுத்தாக்கற வேலை. அதனால ஆராய்ச்சியோடயே பேச்சொலிய அலசற பிராட், பதிவுல குறிப்பு போடற எலான்னு ரெண்டு சாஃப்ட்வேர், கொஞ்சம் பைத்தான் புரோகிராமிங் கத்துக்கட்டும், இது இல்லாம வெறும் தீசிஸோட திரும்பி வந்தா கஷ்டம்தான்.

செலவுக்கு பயப்படாதீங்க. துருக்கி அரசோட 'துர்க்கியே புர்ஸ்லாரி' ஸ்காலர்ஷிப் கிடைச்சா ஃபீஸ், தங்கற இடம், மாச உதவித்தொகை, இன்சூரன்ஸ், போக வர டிக்கெட், ஒரு வருஷ மொழி வகுப்பு எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. பிஎச்டிக்கு வயசு 35க்கு கீழ, மார்க் 75 சதவீதம் வேணும், அப்ளை பண்ண காசு கிடையாது, அப்ளிகேஷன் வழக்கமா ஜனவரி பிப்ரவரியில வாங்குவாங்க.

போட்டி ஜாஸ்தி, 'எனக்கு துருக்கி பிடிக்கும்'னு லெட்டர் எழுதினா தூக்கி ஓரமா வச்சுடுவாங்க. துருக்கி மொழிக் கழகத்தோட 12 தொகுதி வட்டார அகராதி ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்கு, அதையும் பாத்துட்டு ஒரே ஒரு விகுதி, ஒரே ஒரு மாவட்டம்னு முடிவு பண்ணி ரெண்டு பக்கம் எழுதச் சொல்லுங்க, எனக்கு அனுப்பட்டும், நான் பாக்கறேன். நீங்க இந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு போட்டுடுங்க சார்.