பேஸ் கிட்டாரில் டோரியன்: உங்கள் கேள்விகள்

கேள்வி: நான்கு ஸ்ட்ரிங் பேஸ், வழக்கமான ட்யூனிங். டி டோரியன் ஸ்கேலுக்கு டேப் (எந்த ஸ்ட்ரிங்கில் எந்த ஃப்ரெட் என்ற எண் குறிப்பு) கிடைக்குமா?

பதில்: ஏ ஸ்ட்ரிங்கில் 5, 7, 8. டி ஸ்ட்ரிங்கில் 5, 7. ஜி ஸ்ட்ரிங்கில் 4, 5, 7. ஜி-க்கு வரும்போது ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டிச் சமாளிக்காதீர்கள், கையையே ஒரு ஃப்ரெட் பின்னால் கொண்டுவாருங்கள். இன்னொன்று: ட்ரோன் (தம்புரா போல விடாமல் ஒலிக்கும் ஒரே நோட்) இல்லாமல் வாசிக்காதீர்கள். ஏன் என்று அடுத்த பதிலில்.

கேள்வி: இது சி மேஜரின் நோட்டுகள்தானே? புதுப் பெயர் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. நோட்டுகள் அதேதான், வீடு, அதாவது இசை வந்து அமரும் நோட், வேறு. டி-யை வீடாகக் காது ஏற்றுக்கொள்ளும்வரை நீங்கள் வாசிப்பது டி-யில் தொடங்கும் சி மேஜர், அவ்வளவுதான். காதை ஏற்க வைப்பது ட்ரோன். சாதாரண டி மைனரோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு நோட்தான் மாறுகிறது: அங்கே பி ஃப்ளாட், இங்கே பி. டோரியனின் முகமே அந்த பி-யில்தான் இருக்கிறது.

சோதித்துப் பாருங்கள். டி ஸ்ட்ரிங்கைத் திறந்தபடி ட்ரோனாக ஒலிக்கவிட்டு, ஜி ஸ்ட்ரிங்கில் மட்டும் 7, 9, 10, 12, 14, 16, 17, 19 என்று ஏறுங்கள். 16-வது ஃப்ரெட்டில் கொஞ்சம் நில்லுங்கள். பிறகு 15-ஐத் தொடுங்கள். இருட்டுகிறதா? அந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

வீட்டை முடிவு செய்வதில் பேஸுக்குத்தான் பெரிய பங்கு. கிட்டார்காரர் டி மைனர் வாசித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஜி-யில் போய் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஜி மிக்ஸோலிடியனில் (அதே நோட்டுகள், வீடு ஜி) இருப்பார்கள்.

கேள்வி: எத்தனை நாளில் வரும்?

பதில்: விரலுக்கு ஒரு வாரம். காதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கேள்வி: எந்த ஆம்ப் வாங்கலாம்?

பதில்: இதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: அண்ணா, இது கரகரப்பிரியா ராகம்தானே? எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள்?

பதில்: ஸ்வரங்கள் அதேதான், கர்நாடக இசையின் 22-வது மேளம் (தாய் ராகம்). ஆனால் ராகம் என்பது ஸ்வர வரிசை மட்டுமில்லை. காந்தாரத்தை அசைக்காமல் நட்டுவைத்தால் அதைக் கரகரப்பிரியா என்பீர்களா?

கேள்வி (அதே நண்பர்): சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் கரகரப்பிரியா வருகிறதே. இந்தக் கிரக பேதமும் டோரியன் மாதிரியான மோடும் ஒன்றுதானே?

பதில்: வீடு வேறு என்று நான் மேலே சொன்னதைத்தான் நீங்கள் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கச்சேரியில் தம்புரா ஷட்ஜத்தை விடாது, கிரக பேதம் ஒரு நொடி வித்தை காட்டிவிட்டுத் திரும்பும். பேண்டில் வீடே நகரும். 1959-இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு பதிவு செய்த ‘சோ வாட்’ கேளுங்கள்: 16 பார் (தாளச் சுற்று) டி டோரியன், 8 பார் ஈ ஃப்ளாட் டோரியன், மறுபடி 8 பார் டி. ஷட்ஜமே அரை ஸ்வரம் ஏறி இறங்குகிறது.

கேள்வி (வேறொருவர்): அப்போ பேஸில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) கூடாதா?

பதில்: யார் சொன்னது? ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் கம்பிகள் இல்லாத பேஸ்) இருந்தால் கொண்டாட்டம். அடி ஸ்ட்ரிங்கில் மட்டும் ஆட்டாதீர்கள், பாட்டின் அஸ்திவாரமே ஆடும். சரி, ராக விவாதம் போதும்.

கேள்வி: விரல் வலிக்கிறது சார்.

பதில்: ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள், பாதி பலம் போதும். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: டி டோரியன் டேப் ப்ளீஸ்.

பதில்: முதல் பதில்.

கேள்வி: ட்ரோன் இல்லாமல், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) மட்டும் வைத்துப் பழகலாமா?

பதில்: ஸ்கேல் வேகமாக வரும். டோரியன் வராது.

கேள்வி: ஈ டோரியனுக்கு டேப்?

பதில்: அதே வடிவம், இரண்டு ஃப்ரெட் மேலே. ஏ ஸ்ட்ரிங்கில் 7-இல் தொடங்குங்கள். ட்ரோனுக்கு அடி ஈ ஸ்ட்ரிங் சும்மாதானே இருக்கிறது. எஃப் டோரியன் கேட்டு யாரும் வந்துவிடாதீர்கள்.