பெயரும் பாஸ்வேர்டும் அதேதான், பிறகு ஏன் ‘அனுமதி இல்லை’ என்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருக்கிறீர்கள். டி டிரைவில் இருந்த பழைய ஃபைல்களைத் தொடவில்லை. கணக்குக்கு முன்பிருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்தீர்கள், அட்மினும் நீங்கள்தான். இருந்தும் டி டிரைவில் சில ஃபோல்டர்கள் திறக்க மறுக்கின்றன. ஏன் இப்படி, லாகின், பெர்மிஷன் சிக்கல் என்று வந்தால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

பல வருடங்களாக அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இந்த விஷயத்தில் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: விண்டோஸுக்கு உங்கள் பெயர் ஒரு பொருட்டே இல்லை. அதற்குத் தெரிந்தது ஒரு எண் மட்டும். எஸ்ஐடி என்று அதைச் சொல்வார்கள். ‘எஸ்-1-5-21’ என்று ஆரம்பித்து, நடுவில் மூன்று நீளமான எண்கள், கடைசியில் 1001 போல ஒரு சின்ன எண். நடுவில் உள்ள மூன்றும் விண்டோஸை நிறுவும்போது அந்தக் கணினிக்கென்று உருவாகின்றன. கடைசி எண் அந்தக் கணினியில் எந்தக் கணக்கு என்பதைச் சொல்கிறது. கூடவே வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு எப்போதும் 500, கெஸ்டுக்கு 501. நாம் தொடங்கும் கணக்குகளுக்கு 1000 முதல் மேலே போகும்.

உங்கள் கதைக்கு வருவோம். விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் நடுவில் உள்ள எண்கள் மாறிவிட்டன. பழைய ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் இருப்பதோ பழைய எண். நீங்கள் அதே பெயரில் வந்து நின்றாலும் விண்டோஸுக்கு நீங்கள் வேறு ஆள்தான்.

இதை நீங்களே பார்க்கலாம். திறக்காத ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போங்கள். பெயர்கள் வரவேண்டிய இடத்தில் ‘அக்கவுண்ட் அன்னோன்’ என்றும் பக்கத்தில் அந்த நீளமான எண்ணும் இருந்தால், அந்த ‘தெரியாத ஆள்’ பழைய நீங்கள்தான். இப்போதைய உங்கள் எண் வேண்டுமானால் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ‘ஹூஆம்ஐ’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ‘யூசர்’ என்று கொடுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

சரி, சரிசெய்வது எப்படி? அதே செக்யூரிட்டி பகுதியில் அட்வான்ஸ்டு போங்கள். மேலே ஓனர் என்று இருக்கும், பக்கத்தில் உள்ள சேஞ்சை அழுத்தி உங்கள் கணக்கின் பெயரைக் கொடுத்து, ‘செக் நேம்ஸ்’ அழுத்துங்கள். பிறகு உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் ஓனரை மாற்றச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுங்கள். இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓனர் ஆவது வேறு, படிக்கவும் எழுதவும் அனுமதி பெறுவது வேறு. அனுமதிப் பட்டியலை மாற்றும் உரிமை ஓனருக்கு உண்டு, அவ்வளவுதான். அதனால் ஜன்னலை மூடிவிட்டு மறுபடி திறந்து, பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்து ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுக்க வேண்டும். வீட்டைப் பெயர் மாற்றிப் பதிவு செய்த பிறகும் சாவியைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருப்பது போலத்தான்.

இந்த இடத்தில் ஒரு கெஞ்சலான வேண்டுகோள். பலர் சலிப்பில் டிரைவ் முழுவதற்கும் ‘எவ்ரிஒன்’ என்று போட்டு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். பிறகு அந்தக் கணினியில் யார் கணக்கில் எது ஓடினாலும், ஒரு வைரஸ் உட்பட, உங்கள் ஃபைல்களை மாற்றலாம், அழிக்கலாம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டரின் ஓனரை மாற்றுவது அதைவிட மோசம். அங்குள்ள முக்கிய ஃபைல்களின் ஓனர் ‘டிரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்ற சேவை. அதைக் கலைத்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

இன்னொன்று: பழைய ஃபைல்களின் ஐகானில் சின்னப் பூட்டு தெரிந்தால், அவை பழைய கணக்கில் என்கிரிப்ட் செய்யப்பட்டவை, அதாவது அந்தக் கணக்கின் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டவை. ஓனரை மாற்றுவதால் அவை திறக்காது. பழைய கணக்கின் சான்றிதழை, அந்தச் சாவியோடு சேர்த்து, அப்போதே வெளியே எடுத்து வைத்திருந்தால் மட்டுமே வழி உண்டு. இதே காரணத்தால்தான் ஒருவருடைய பாஸ்வேர்டை இன்னொரு அட்மின் வலுக்கட்டாயமாக மாற்றுவதை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து அவரே மாற்றினால் என்கிரிப்ஷன் சாவிகளும் கூடவே புதுப்பிக்கப்படும். வெளியிலிருந்து மாற்றினால், உள்ளூர்க் கணக்கில் அப்படி என்கிரிப்ட் செய்த ஃபைல்களும் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் கைவிட்டுப் போகலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவரின் கணக்கு சரியாக லாகின் ஆகவில்லை என்று அதை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக உருவாக்கினேன். லாகின் ஆனது. ஆனால் பொது ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக அவருக்கு மூடிக்கொண்டன. பெயர் அதே, எண் புதிது. எங்கெங்கே அவருக்கு அனுமதி இருந்தது என்று யாரிடமும் குறிப்பு இல்லை. அவர் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்து ‘இதுவும் வரவில்லை’ என்று சொல்லச் சொல்ல, இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தோம். அன்றிலிருந்து கணக்கை அழிப்பதே இல்லை, முடக்கி மட்டும் வைப்பேன். முடக்கிய கணக்கை எப்போது திறந்தாலும் அதே எண் திரும்ப வரும்.

அட்மினாக இருந்தும் ஏன் மறுக்கிறது என்பதில் இன்னொரு பாதியும் உண்டு. விஸ்டா காலத்திலிருந்து அட்மின் லாகின் செய்யும்போது விண்டோஸ் இரண்டு அடையாளச் சீட்டுகள் தருகிறது. ஒன்று முழு அதிகாரம் கொண்டது, இன்னொன்று சாதாரணப் பயனருக்கு உரியது. அன்றாட வேலையெல்லாம் இரண்டாவதில்தான் நடக்கும். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து, கேட்கும் கேள்விக்கு ஆம் என்றால்தான் முதல் சீட்டு வெளியே வரும். ஃபோல்டரைத் திறக்கும்போது ‘கன்டினியூ’ என்று ஒரு பொத்தான் வருமே, அதை அழுத்தினால் அப்போதைக்கு மட்டும் அனுமதி என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் நிரந்தரமாக ஏறிவிடும். மற்றவர்களின் ஃபோல்டரில் அதை அழுத்துமுன் யோசியுங்கள்.

லாகினுக்கு வருவோம். பயமுறுத்தும் சிக்கல் ஒன்று: லாகின் ஆகிறது, ஆனால் டெஸ்க்டாப் வெறுமையாக இருக்கிறது, ஃபைல்கள் எதுவும் இல்லை. மூலையில் தற்காலிக ப்ரொஃபைலில் வந்திருக்கிறீர்கள் என்று ஒரு செய்தி. ப்ரொஃபைல் என்பது ஒரு கணக்குக்கு உரிய டெஸ்க்டாப், ஃபைல்கள், அமைப்புகள் எல்லாம் சேர்ந்தது. பலர் இதைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது என்று கலங்கிவிடுவார்கள். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் எல்லாம் அப்படியே இருக்கும். அந்தத் தற்காலிக டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்காதீர்கள், லாக் ஆஃப் செய்ததும் அது அழிந்துவிடும்.

முதலில் ஒருமுறை ரீஸ்டார்ட். உங்கள் அமைப்புகளெல்லாம் ‘என்டியூசர்.டேட்’ என்ற ஒரு ஃபைலில் இருக்கின்றன. லாகின் நேரத்தில் வேறு ஏதாவது மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும், ரீஸ்டார்ட்டில் விட்டுவிடும். அப்படியும் சரியாகாவிட்டால் வேறொரு அட்மின் கணக்கில் போய், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ப்ரொஃபைல்லிஸ்ட்’ என்ற இடத்தைப் பாருங்கள். ஹெச்கேஎல்எம்மில் (‘லோக்கல் மெஷின்’ என்ற பகுதி) சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன் என்று இறங்கினால் வரும். அங்கே ஒரே எண் இரண்டு முறை இருக்கும், ஒன்றின் வாலில் ‘.பேக்’ என்று ஒட்டியிருக்கும். பெரும்பாலும் வால் உள்ளதுதான் உங்கள் உண்மையான ப்ரொஃபைல். அதில் ‘ப்ரொஃபைல்இமேஜ்பாத்’ உங்கள் ஃபோல்டரைக் காட்டுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்த பிறகு, வால் இல்லாததற்கு வேறு வால் கொடுத்து ஒதுக்குங்கள். அப்புறம் மற்றதன் ‘.பேக்’கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த டேட் ஃபைலே கெட்டிருந்தால் இது பலிக்காது. புதுக் கணக்கு தொடங்கி ஆவணங்களை மட்டும் நகலெடுப்பதுதான் வழி.

பாஸ்வேர்ட் தவறு என்று வந்தால் கண் படத்தை அழுத்தி என்ன விழுகிறது என்று பாருங்கள், லாகின் திரையின் மூலையில் கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது என்றும் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பாஸ்வேர்டுக்குப் பதில் அடிக்கும் ‘பின்’ எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான். வேறு கணினியிலிருந்து ஷேர் ஃபோல்டருக்குள் போகப் பாஸ்வேர்டுதான் வேண்டும். வருடக்கணக்கில் ‘பின்’ அடித்துப் பழகியவர்களுக்குப் பாஸ்வேர்ட் மறந்தே போயிருக்கும்.

அலுவலக டொமைன், அதாவது எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் அமைப்பு என்றால் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒருவரைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்தால், அவர் லாக் ஆஃப் செய்து மறுபடி வரும்வரை அந்த அனுமதி வராது, ஏனென்றால் சீட்டு எழுதப்படுவது லாகின் நேரத்தில். நெட்வொர்க்கில் பகிரும் ஷேரில் ஒரு அனுமதி, ஃபோல்டரில் ஒரு அனுமதி என்றால் இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். பாஸ்வேர்ட் மாற்றிய மறுநாள் கணக்கு திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டால், பழைய பாஸ்வேர்டை எங்கேயோ எதுவோ நினைவில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரிலும் ஃபோனில் உள்ள மெயிலிலும் தேடுங்கள். டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி பதிவில் 4740 என்ற நிகழ்வு எந்தக் கணினியிலிருந்து என்று பெயரோடு சொல்லும்.

உங்கள் விஷயத்தில், இன்றே எல்லா ஃபோல்டரிலும் கை வைக்க வேண்டாம். சின்னதாக ஒன்றை எடுத்து செக்யூரிட்டி பகுதியைப் பாருங்கள். ‘அன்னோன்’ என்று இருந்தால் மேலே சொன்னபடி ஓனரை மாற்றி, அனுமதி சேர்த்து, ஒரு ஃபைலைத் திறந்து, சேமித்துப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். ‘அன்னோன்’ இல்லாமல் வேறு பெயர்கள் இருந்தால் அவற்றைக் கருத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.