எண்ணெய் கலந்த கிணற்றை இறைக்கலாமா?

யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக் கிணறுகளில் மின் நிலையத்து எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு, நிலத்தடி நீரோடு வேலை செய்கிறவன் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. சரி, பார்ப்போம்.

ஐயா, கிணற்றில் வானவில் நிறத்தில் படலம் தெரிகிறது. எண்ணெய்தானா? (மல்லாகம்)

ஒரு தடியால் கிளறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து துண்டு துண்டாகவே நின்றால் பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியா. சுழன்று திரும்ப ஒன்றுகூடினால் எண்ணெய். ஆனால் படலம் இல்லையென்று குடித்துவிடாதீர்கள். எரிபொருளில் உள்ள பென்சீன் கண்ணுக்குத் தெரியாமல் கரையும்; உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு வெறும் 10 மைக்ரோகிராம்.

வெள்ளத்துக்குப் பிறகு இறைத்துக் குளோரீன் போடுவோமே, அது போதாதா? (ஏழாலை)

இங்கேதான் பிழை விடுகிறோம். வெள்ளத்து அழுக்கு மேலிருந்து விழுவது, இறைத்தால் போய்விடும். எண்ணெய் ஊற்றுக்கண் வழியாக வருகிறது. நீங்கள் இறைக்க இறைக்க நீர்மட்டம் தாழும். சுற்றியுள்ள தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தேடி ஓடிவரும், எண்ணெயையும் கூட்டிக்கொண்டு. நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம், வெடிப்பும் பொந்துமாக இருக்கிறது. மணலைப் போல வடிகட்டித் தராது. குளோரீன் கிருமியைக் கொல்லும், டீசலை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தால் பென்சீன் ஆவியாகிக் குசினிக்குள் நிறையும். மோட்டரை நிறுத்திவிட்டு, பிரதேச சபையிடம் பவுசர் (தாங்கி லொறி) தண்ணீர் கேளுங்கள்.

அப்போ எப்படித்தான் சுத்தம் செய்வது? (உடுவில்)

அதே இறைப்புத்தான், இடம்தான் வேறு! கசிந்த இடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே தனிக் கிணறு தோண்டி அங்கே இறைப்பார்கள். எண்ணெய் வீட்டுப் பக்கம் போகாமல் அந்தப் பள்ளத்துக்குத் திரும்பும். மிதப்பதை வழித்தெடுத்து, தண்ணீருக்குள் காற்றை ஊதி, கரி வடிகட்டி வழியாகப் பாய்ச்ச வேண்டும். ஊறிய மண்ணையும் அள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை. கல்லில் ஒட்டிய மிச்சம், மாரியில் நீர்மட்டம் ஏறும்போது மறுபடி மிதந்து வரும். அதனால் கோடையில் ஒரு பரிசோதனை நன்றாக வந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஜெனரேட்டர் டீசல் முற்றத்தில் கொட்டிவிட்டது, அண்ணா. கிணறு பக்கத்தில்தான். (இணுவில்)

முதலில் மணலையோ மரத்தூளையோ மேலே கொட்டுங்கள். உறிஞ்சியதும் ஊறிய மண்ணோடு அள்ளி, மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள். சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவுவது வேண்டவே வேண்டாம். டீசல் தண்ணீரோடு கலந்து இன்னும் சுலபமாகக் கீழே இறங்கிவிடும்.

செலவை யார் கொடுப்பது? (சுன்னாகம்)

மாசுபடுத்தியவர்தான். 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் சுன்னாக வழக்கில் தனியார் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உங்கள் பக்கம் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகள் வேண்டும். மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில், காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோங்கள். போத்தலில் திகதி எழுத மறக்கவேண்டாம்.