அழித்து எழுதும் ஹோலோகிராம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தங்கச்சிமடத்தில் பள்ளி ஆசிரியை. வகுப்பில் ஏடிஎம் அட்டையில் மின்னும் ஹோலோகிராமைக் காட்டியபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "இதை அழிச்சிட்டு வேற படம் போட முடியுமா டீச்சர்?" என்று கேட்டான். தேடிப் பார்த்தேன். ஒளி பட்டால் மாறும் ஆர்கானிக் பொருள்களால் முடியும் என்று இருந்தது. ஆர்கானிக் என்றால் நம் கடல்பாசி மாதிரி இயற்கையில் கிடைப்பதா? அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாணவன் கேட்ட கேள்விக்கு ஆய்வகங்களில் பல வருடம் உழைத்திருக்கிறார்கள். அவனிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஆர்கானிக் என்பது இங்கே இயற்கை உரக் காய்கறி இல்லை. கார்பனை முதுகெலும்பாகக் கொண்ட மூலக்கூறுகள், அவ்வளவுதான். சாயமும் பிளாஸ்டிக்கும் இதில் வரும்.

ஹோலோகிராமை விளக்க தனுஷ்கோடியின் அரிச்சல்முனையைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆண்கடல் (மன்னார் வளைகுடா) அலையும் பெண்கடல் (பாக் நீரிணை) அலையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கிற இடத்தில் நின்று பாருங்கள். மேடும் மேடும் சேர்ந்தால் தண்ணீர் எழும்பும், மேடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கும். கடலில் அந்தக் கோலம் நிற்காது. லேசரில் நிற்கும். ஒரே லேசரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளின் மேல் பட்டுத் திரும்ப விட்டு, மற்றதை நேராக விட்டு, இரண்டையும் ஒரு தகட்டில் சந்திக்க வைத்தால் வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடுமாக விழும். ஒரு மயிரிழை அகலத்துக்குள் நூறு கோடு போல அடங்கிவிடும். அந்தக் கோடுகளில்தான் பொருளின் ஆழம் இருக்கிறது. லேசர் வருவதற்கு முன்பே, 1947இல், ஹோலோகிராமின் அடிப்படையை யோசித்தவர் டென்னிஸ் காபர் என்ற இயற்பியலாளர். 1971இல் நோபல் பரிசு பெற்றார்.

ஏடிஎம் அட்டையில் அந்தக் கோடுகளை மேடுபள்ளமாக அச்சு குத்திவிடுகிறார்கள். அதனால் அழியாது.

அழிய வேண்டுமானால் கோடுகள் வேறு மாதிரி பதிய வேண்டும். சில பாலிமர் (பிளாஸ்டிக் வகை) படலங்களில் ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டங்கள் பிறக்கும். படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் அவை நகர்ந்து இருட்டுக் கோடுகளில் போய்ச் சிக்கிக்கொள்ளும், அலை வாரிய மணல் ஓரத்தில் ஒதுங்குவது மாதிரி. மின்னூட்டம் இப்படி ஏறுமாறாகக் கிடப்பதால் படலம் ஒளியை வளைக்கும் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது, அதுவே படம். அப்புறம் படலம் முழுக்க ஒரே சீராக ஒளியைப் பாய்ச்சினால் எல்லாம் கலைந்து மட்டமாகிவிடும். அடுத்த படத்தை எழுதலாம்.

அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகக் குழு 2008இல் இப்படி நாலங்குலச் சதுரத் திரை ஒன்றைச் செய்தது. எழுதச் சில நிமிடம் ஆனது, படம் சில மணி நேரம் நின்றது. 2010இல் இரண்டு நொடிக்கு ஒரு படம் என்று கொண்டுவந்தார்கள். சினிமாவுக்கு நொடிக்கு 24 படம் வேண்டும். சட்டென்று மாறுகிற பொருள் சட்டென்று மறக்கவும் செய்கிறது. நிறைய நேரம் பிடித்துவைக்கும் பொருளுக்கு எழுதுவதும் மெதுவாகத்தான் ஆகிறது. எனக்கு இந்தத் துறையில் மனம் ஒட்டியதே இந்த இழுபறியால்தான்.

இன்னொரு வகை அசோபென்சீன். நீட்டிய கை மாதிரி இருக்கும் மூலக்கூறு, புறஊதா ஒளி பட்டால் முழங்கையில் மடங்கும். நீல ஒளியிலோ சூட்டிலோ நிமிரும். மடங்கினால் எழுதியது, நிமிர்ந்தால் அழித்தது. பையனையே எழுப்பி நிறுத்தி மடக்கி நீட்டச் சொல்லுங்கள்.

வகுப்பில் செய்துகாட்ட ஒன்று இருக்கிறது. வெயிலில் கறுத்து உள்ளே வந்தால் தெளியும் பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி யாரிடமாவது இருக்கும். அதற்குள்ளும் இப்படி ஒளிக்கு மாறும் ஆர்கானிக் சாயம்தான். இங்கே மண்டபம் ஊரில் மொட்டைமாடியில் என் கண்ணாடியைக் கழற்றி, வில்லையின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் விட்டேன். நாணயத்தை எடுத்தால் கறுப்புக்கு நடுவே வெளுப்பாக ஒரு வட்டம். நிழலுக்கு வந்ததும் சுற்றியிருந்த கறுப்பு மெல்ல வடிந்து வட்டமும் காணாமல் போனது. திரும்ப வெயிலுக்குப் போய்ச் சாவியை வைத்தேன், சாவி பதிந்தது. இது ஹோலோகிராம் இல்லை. ஆனால் ஒளியால் எழுதி அழித்து மறுபடி எழுதுவதைப் பையன் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவான். காலை வெயிலில் செய்யுங்கள். உச்சிவெயிலில் வில்லை சூடேறினால் அவ்வளவாகக் கறுக்காது. ஏன் என்று அவனிடமே கேளுங்கள்.