ஹல்யாவா: ரஷ்ய ‘ஓசி’யின் பூர்வீகம்

கேள்வி: ரஷ்யர்கள் அடிக்கடி சொல்லும் ‘ஹல்யாவா’ நம்முடைய ‘ஓசி’தானா?

பதில்: பெரும்பாலும் அதுதான். காசு கொடுக்காமல் கிடைப்பது ஹல்யாவா; ‘ந ஹல்யாவு’ என்றால் ஓசியில்; ஓசிக்கு அலைபவர் ‘ஹல்யாவ்ஷிக்’. ஆனால் உழைக்காமல் கைக்கு வருவதையும் அச்சொல் குறிப்பதால், கண்டிப்பில்லாத பேராசிரியர் வைக்கும் தேர்வும் ஹல்யாவாதான். ‘ஹல்யாவித்’ என்று வினையாக்கினால், வேலையை ஏனோதானோவென்று செய்வது என்று பொருள்படும்.

கேள்வி: பாலைக் குறிக்கும் ‘ஹலாவ்’ என்ற எபிரேயச் சொல்லிலிருந்து இது வந்தது என்றும், ஓய்வுநாளுக்கு முன் யூதர்கள் மிஞ்சிய பாலை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள் என்றும் படித்தேன். சரியா?

பதில்: கேட்க அழகான கதை, அந்த அழகே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. ஒலி ஒற்றுமையைத் தவிர அதற்குப் பிடிமானம் இல்லை. மாறாக, உக்ரைனிய மொழியில் ‘ஹல்யாவா’ என்பதும் போலிஷ் மொழியில் ‘ஹொலேவா’ என்பதும் நீண்ட பூட்ஸில் கணுக்காலுக்கு மேலே காலைச் சுற்றி நிற்கும் குழல் பகுதியின் பெயர்கள். விளாதிமிர் தால் 1860களில் வெளியிட்ட புகழ்பெற்ற ரஷ்ய அகராதியிலும் இந்தப் பூட்ஸ் குழல் பொருள் இருக்கிறது. பழைய கண்ணாடிப் பட்டறைகளில், ஜன்னல் கண்ணாடிக்காக ஊதி எடுத்த நீள உருளையையும், அதைப் பிளந்து தட்டையாக்கும் வரை, ஹல்யாவா என்றே அழைத்தார்கள். உருவ ஒற்றுமையால் வந்த பெயராகவே அது தோன்றுகிறது.

கேள்வி: பூட்ஸ் குழல் எப்படி ஓசியாயிற்று?

பதில்: பூட்ஸ் குழலுக்குள் கரண்டியோ கத்தியோ செருகிக்கொள்ளும் பழக்கம் இருந்ததால், பிறர் பொருளையும் அப்படியே செருகிக்கொண்டு போனவரிடமிருந்து இப்பொருள் பிறந்தது என்பார்கள் சிலர். என் சாய்வு வேறு பக்கம். தொளதொளவென்று வாய் பிளந்து நிற்கும் குழலின் பெயர், ஒழுங்கற்ற பெண்ணைத் திட்டும் சொல்லாகி, திருடர் குழூஉக்குறியில் விலைமகளையும் குறித்தது. அவ்வாறு இழிந்து மலிந்த ஒரு சொல், விலையே இல்லாததைக் குறிக்க வந்ததில் பெரிய வியப்பில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாணவர் பேச்சின் வழியே அது ஊரறிந்த சொல்லாயிற்று.

கேள்வி: மாணவர்கள் ஜன்னலில் நின்று இச்சொல்லைக் கத்துவது ஏன்?

பதில்: தேர்வு எளிதாக அமைய வேண்டும் என்றுதான். தேர்வுக்கு முந்தைய நள்ளிரவில், ஆசிரியர் மதிப்பெண் எழுதித் தரும் கையேட்டை ஜன்னலுக்கு வெளியே விரித்து நீட்டி, “ஹல்யாவா, வா!” என்று மூன்று முறை கூவிவிட்டுப் பட்டென்று மூடிவிடுவார்கள். பிடிபட்ட ஹல்யாவா தப்பிவிடக் கூடாதென்பதால், தேர்வறையில் ஆசிரியர் திறக்கும் வரை அந்தக் கையேட்டை வேறு யாரும் திறக்கக் கூடாது. தேர்வுக்கு நன்றாகப் படித்தவர்களும் கூவுவார்கள்.

கேள்வி: ஒருவரை ஹல்யாவ்ஷிக் என்றால் கோபித்துக்கொள்வாரா?

பதில்: நண்பர்களிடையே கேலி, மற்ற இடங்களில் வசை. எம்எம்எம் என்னும் மோசடி நிதி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரங்களில் வந்த லியோன்யா கொலுப்கோவ் என்ற கற்பனைப் பாத்திரம், “நான் ஹல்யாவ்ஷிக் இல்லை, பங்குதாரர்!” என்று சொன்ன வசனம் ரஷ்யாவில் இன்றும் வழங்குகிறது. 1994 கோடையில் அந்நிறுவனம் சரிந்தபோது பங்குதாரர்களின் கையில் மிஞ்சியவை, அதன் தலைவர் செர்கேய் மவ்ரோதியின் படம் அச்சிட்ட சீட்டுகள்தாம்.